மேஸ்திரியும் ஏழு பெல்ட்டும்

ஜெர்மனியில் நான் பார்க்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எலியை மூடி போட்ட டப்பாவில் வைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். பிறகு திறந்துவிட வேண்டும். இதற்கு எம்.எஸ்சி. விலங்கியல் படித்திருக்க வேண்டுமாம். ஆனால் நகரியில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை நான் கம்ப்யூட்டரில் இருக்கிறேன். அம்மா அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாள். வெளிநாடு போன பையன்கள் எல்லாரும் கம்ப்யூட்டருக்குத்தான் போனார்கள் என்பது அப்போது ஊரே ஒப்புக்கொண்ட விஷயம். எலியைச் சுற்றுகிறான் என்று வெளியே தெரிந்தால் எனக்குப் பெண் கிடைக்காது என்று அவளுக்குப் பயம்.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வருத்தம் வேறு. வீட்டை ஒட்டிய கொட்டகையில் எங்களுக்கு ஐந்து விசைத்தறிகள். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருக்கும். அந்த வாசனைக்கு எலி வந்து வாய் வைத்தால் ஒரு சேலைக்கான நூல் போச்சு. மனிதர் ஆயுளில் பாதியை எலியோடு மல்லுக்கட்டியே கழித்தவர். அவர் பெற்ற பிள்ளை எலிக்குச் சாக்லேட் ஊட்டிச் சம்பளம் வாங்குகிறான். போனில் அவர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "உன் எலிங்க துன்னுச்சா?" நான் பதில் சொல்வதற்குள் ரிசீவர் அம்மா கைக்குப் போய்விடும்.

அந்தச் சாக்லேட் வீண் போகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலியின் மூளைக்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பியை நுழைத்து ஒலிபெருக்கியோடு இணைத்திருப்போம். எலி ஒரு வட்டத் தொட்டிக்குள் சாக்லேட் துணுக்கைத் தேடி அலையும். தொட்டியில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் ஒரு மூளைச் செல் சோளம் பொரிகிற மாதிரி படபடக்கும். அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் கப்சிப். இன்னொரு செல்லுக்கு இன்னோர் இடம். இப்படி ஆளுக்கோர் இடமாகப் பங்கு பிரித்துக்கொண்டு, தொட்டி முழுவதையும் அவை மூளைக்குள் வைத்திருக்கின்றன. வேறொரு வகை செல்லும் உண்டு. அதற்கு இடத்தைப் பற்றிக் கவலையில்லை. எலி எங்கே நின்றாலும் சரி, தலை ஒரு திசையைப் பார்த்தால் மட்டும் பேசும்.

எலி நடக்கும்போதே எவ்வளவு தூரம் வந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று மனசுக்குள் கணக்கு வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கைக் குழப்பத்தான் நான் டப்பாவைச் சுற்றுவது. கணக்கு தப்பிய எலி, தொட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும் வெள்ளை அட்டையைப் பார்த்துத்தான் திசையைத் தேற்றிக்கொள்ளும். அட்டையை நாங்கள் இடம் மாற்றி ஒட்டினால், பாவம், அதன் திசையும் கூடவே மாறிவிடும்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது சும்மா இருக்காமல் எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றி உளறிவிட்டேன். அதன் பெயர் மேஸ்திரி. தறிகளுக்கு நடுவில் வாலைத் தூக்கிக்கொண்டு மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். அம்மா அதை ஆறு முறை கோணிப்பையில் போட்டு, மூன்று சுற்று சுற்றி, ஆறு ஊர்களில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பூனைக்கு வழி மறக்கட்டும் என்று, விடப்போகிறவர்கள் பையைச் சுற்றிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆறு முறையும் மறுநாளோ அதற்கு மறுநாளோ மேஸ்திரி தறிக்கொட்டகையில் ஆஜர்.

எங்கள் பேராசிரியை அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "மூன்று சுற்று என்றால் எந்தப் பக்கமாக? என்ன வேகத்தில்?"

"அம்மாவுக்குக் கோபம் வந்த வேகத்தில்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மூன்று வார விடுமுறையும் ஒரு பக்க நிபந்தனைகளும் கொடுத்து அனுப்பிவிட்டார். ஏழாவது முறை நானே, முறைப்படி, மூடிய பெட்டியில் வைத்துச் சுற்றி விட வேண்டும். ஒரு பூனையைத் தொலைப்பதற்காகக் கடல் தாண்டி வந்த ஒரே நகரிக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

முதல் நாள். நான் இருக்கும் ஊரில் பஸ்ஸில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இருமினால்கூட மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே சென்னையில் ஏறிய பஸ் திருத்தணியைத் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் என் வயது, படிப்பு, கல்யாணம் ஆகாததற்கான காரணம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, முன் சீட்டுக்காரருக்கும் விளக்கிவிட்டார். முன் சீட்டுக்காரர் திரும்பித் தெலுங்கில் சொன்னார்: "கம்ப்யூட்டர் பையன்கள் எல்லாருமே இப்படித்தான் இளைத்துப்போகிறார்கள்." நான் மறுக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் அவமானம். நைனா தறி ஓட்டிக்கொண்டே கத்தினார். "டேய் குமாரு, வடக்கால கீற சுவிச்ச போடு!"

எங்கள் வீட்டில் இடது, வலது என்ற பேச்சே கிடையாது. எல்லாம் திசைதான். சாப்பிடும் இலையில்கூட "மேற்கால கீற அப்பளத்த எடு" என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆனால் அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வடக்கு எங்கே? உத்தேசமாக ஒன்றை அமுக்கினேன். ஐந்து தறியும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. அந்த அமைதியில் நைனா சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"திசையப் பத்தி ஆராய்ச்சி பண்றானாம். வடக்கே தெரியல."

அம்மா கேழ்வரகுக் களியும் புளிச்சக்கீரைக் கடைசலும் போட்டாள். கொட்டகைச் சுவரில் ஓர் ஆணி. அதில் ஆறு புது மோட்டார் பெல்ட்டுகள் உறை பிரிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தன.

"இத்தினி பெல்ட்டு இன்னாத்துக்கும்மா?"

"உங்க நைனாவுக்கு பெல்ட்டு பைத்தியம் புடிச்சிகீது. தறி ஓடிக்கினு இருக்கும்போதே, பெல்ட்டு வாங்கணும்னு சட்டைய மாட்டிக்கினு கெளம்பிடுவாரு. கேட்டா, தேய்ஞ்சிப் போச்சுன்றாரு."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் களியைப் பிசைவதில் மும்முரமாக இருந்தேன்.

பூனையை ஏன் விரட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். என் தங்கை விஜயாவைத் திருப்பதியில் கொடுத்திருக்கிறோம். இப்போது எட்டு மாதக் கர்ப்பம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர வேண்டும். அவள் மாமியார் ஒரே நிபந்தனை போட்டுவிட்டார். பச்சைக் குழந்தை இருக்கப்போகிற வீட்டில் பூனை கூடாது. பூனை இருந்தால் பெண் வரமாட்டாள். அம்மா ஆறு முறை கோணிப்பையைத் தூக்கியது இதற்காகத்தான். மேஸ்திரி திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் மகள் வருகிற தேதி ஒருவாரம் தள்ளிப்போனது. "அது வந்தா இவ வரமாட்டா," என்று அம்மா களிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். நைனா தறிப் பக்கம் போய்விட்டார்.

பேராசிரியையின் மூன்றாவது நிபந்தனை: விடும் இடம் வேறு யாருக்கும் தெரியக் கூடாது. காலண்டர் தாளின் பின்பக்கம் திட்டத்தை வரைந்தேன். நகரி, சித்தூர், பங்காருபாளையம் மாங்காய் மண்டி, அம்புக்குறியெல்லாம் போட்டு. அதைத் தறிமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தபோது தாள் தலைகீழாகக் கிடந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள். தங்கையைப் பார்க்கத் திருப்பதி போனேன். திருப்பதிக்காரர்களுக்கு வெள்ளை அட்டை தேவையில்லை. ஊருக்கு வடக்கே ஏழுமலை நிற்கிறது. வழி கேட்டால் "மலையப் பாத்து நட," "மலைக்கு முதுகு காட்டித் திரும்பு" என்பார்கள். நான் இங்கே படிக்கும்போது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் மலை தெரியும். இப்போது மலைக்கு முன்னால் ஏழெட்டு மாடி லாட்ஜுகள் எழும்பிவிட்டன. மலையைத் தேடிக்கொண்டே நடந்து ஒரே டீக்கடையை மூன்று முறை கடந்தேன். மூன்றாவது முறை டீக்கடைக்காரரே தெலுங்கில் கூப்பிட்டார்: "சாமி, பிரதட்சணம் செய்ய வேண்டிய இடம் மேலே இருக்கிறது. இது டீக்கடை." ஒரு டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

சம்பந்தியம்மா நல்ல ஆகிருதி. கண்ணாடிக்கு மேலாகத்தான் ஆளைப் பார்ப்பார். பருப்புப்பொடியும் நெய்யும் போட்டுச் சோறு பரிமாறிக்கொண்டே தீர்ப்பை வாசித்தார்.

"வெள்ளிக்கெழம நானே வந்து பாப்பேன். பூனை இல்லன்னா மறுநாளே விஜயாவ அனுப்பறேன். இருந்துச்சுன்னா பிரசவம் இங்கதான். அதுக்கப்புறம் என்னைத் தப்பு சொல்லக் கூடாது."

கையோடு என்னை மாடி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் கம்ப்யூட்டர் ஓடவில்லை, பார் என்றார். நான் அதைச் சுற்றி வந்தேன். பிளக் சரியாகச் சொருகாமல் இருந்தது, அழுத்தினேன், ஓடியது. "ஜெர்மனிலருந்து வந்து ஒரே நிமிசத்துல பண்ணிட்டாரு," என்று மாடிப்படி முழுக்கப் பேச்சு.

விஜயா வாசல் வரை வந்தாள். "அண்ணா, இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா எனக்கு பயமா கீதுண்ணா. அம்மா பக்கத்துல இருந்தா பெத்துக்குவேன். எப்படியாவது மேஸ்திரிய எங்கியாச்சும் விட்டுடுண்ணா." சொல்லிவிட்டு உடனே, "நல்ல எடமா பாத்து விடு. அதுக்கு மீன்னா உசுரு," என்றாள்.

மூன்றாம் நாள். நூல் கோன் வரும் அட்டைப்பெட்டியில் காற்றோட்டத்துக்கு ஓட்டைகள் போட்டு, மேஸ்திரியை உள்ளே வைத்துக் கட்டினேன். நைனா வெளியே வரவில்லை. பெட்டி பஸ்ஸில் ஏறியதும் அழ ஆரம்பித்தது. பின்சீட்டு அம்மாள் தெலுங்கில் அதட்டினார்: "பெற்றவள் எங்கே? குழந்தையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகிறாயே, நீயெல்லாம் மனுசனா?" பூனை என்று சொன்னேன். ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "பூனைக்கும் பசிக்குமில்லே," என்று தன் புளிச்சோற்றில் ஒரு கவளம் எடுத்து நீட்டினார். மேஸ்திரி புளிச்சோறு தின்னாது. நான் தின்றேன். பிரமாதமாக இருந்தது.

பங்காருபாளையத்தில் மாங்காய்க் காலம். மண்டிகளில் தோத்தாபுரி மலை மலையாகக் குவிந்திருந்தது. சாறு பிழியும் ஃபேக்டரிகளுக்குப் போகிற லாரிகள் நெடுஞ்சாலை ஓரம் வரிசை கட்டி நின்றன. காற்றே இனித்தது. மண்டிக் காவலாளியிடம் பூனையை வைத்துக்கொள்கிறாரா என்று கேட்டதும் மனிதர் கும்பிடாத குறை. எலி கூடையையெல்லாம் கடித்துத் தள்ளுகிறதாம். மத்தியானம் தன் வீட்டிலிருந்து மீன் வரும் என்றார். இடம் அமைந்துவிட்டது. இனி சுற்ற வேண்டியதுதான் பாக்கி.

ஆய்வகத்தில் இதற்கென்று மோட்டார் வைத்த தட்டு இருக்கிறது. மெதுவாக, சீராக, ஐந்து நிமிடம் சுற்றும். இங்கே தட்டுக்கு எங்கே போவேன்? அப்போதுதான் கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவுக்குப் போட்டிருந்த ராட்டினம் கண்ணில் பட்டது. கையால் தள்ளிச் சுற்றும் மரக்குதிரை ராட்டினம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு குதிரைமேல் ஏறினேன். ராட்டினக்காரர் முதலில் என் மீசையைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"பெட்டியில இன்னா?"

"பூனைங்க. அதுக்குத் திசை மறக்கணும்."

"உனக்கு?"

"எனக்கு வேணாம்."

அவருக்கு அந்தப் பதில் போதவில்லைபோல. சீராகத் தள்ளுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டதை மதிக்காமல் உற்சாகமாகத் தள்ளினார். குழந்தைகள் கைதட்டினார்கள். ஐந்து நிமிடம் ஆனபின் நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன்; புளிச்சோறு மேலே வந்ததால் மூடிக்கொண்டேன். ஒருவழியாக இறங்கியபோது மாங்காய் மலை, லாரி, கங்கம்மா கோவில் எல்லாம் என்னைச் சுற்றி வந்தன. பெட்டியைத் திறந்தேன். மேஸ்திரி நேராக வெளியே வந்து, சோம்பல் முறித்து, மண்டிக்குள் நேர்க்கோட்டில் நடந்துபோனது. நான்தான் ஒரு கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தலை சுற்றல் நிற்காமலேயே சாலைக்குப் போனேன். அந்தச் சாலையை அப்போதுதான் அகலமாக்கி நடுவில் தடுப்பு வைத்திருந்தார்கள். சித்தூர் பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று யோசித்தேன். தலைக்குள் ஒரு செல்லும் வாய் திறக்கவில்லை. வந்த பஸ்ஸில் காலிப் பெட்டியோடு ஏறி, கண்டக்டரிடம் "கடைசி ஸ்டாப்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன். விழித்தபோது மாலை வெயில் கண்ணில் குத்தியது. கிழக்கே போகிற பஸ்ஸில் சாயங்கால வெயில் முகத்தில் அடிக்காது என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். இறங்கினால் ராமகுப்பம். சித்தூருக்கு நேர் எதிர்ப்பக்கம். திரும்பிப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

பட்டுப்புழு வளர்க்கும் ஒருவர் பரிதாபப்பட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார். உள்ளே தட்டுத்தட்டாகப் புழுக்கள் மல்பெரி இலையை அரைத்துக்கொண்டிருந்தன. முட்டைக்குழம்பு ஊற்றிக்கொண்டே என்ன வேலை என்று கேட்டார். அலுப்பில் உண்மையைச் சொல்லிவிட்டேன். எலிக்கு ஊட்டுகிறேன், சுற்றுகிறேன், திறந்துவிடுகிறேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "நான் புழுவுக்கு ஊட்டறேன். உன்னுது பரவால்ல, மாசாமாசம் சம்பளம் வருது," என்றார். நாலு வருடத்தில் என் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் மனிதர்.

நான்காம் நாள். காலையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா கத்தியதில் பூத்துக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"மேஸ்திரி வந்துட்டுதுடா! ராத்திரியே வந்துட்டுது! நீ எங்கடா கீற?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐந்து நிமிடச் சுற்று, மூடிய பெட்டி, இரண்டு பஸ் தூரம். எந்த எலியும் எந்தப் புறாவும் செய்யாத காரியம். விஜயாவை ஒரு கணம் மறந்தே போனேன். அந்தப் பாவத்தை ஒப்புக்கொள்கிறேன். அங்கே மணி என்ன என்றுகூட யோசிக்காமல் பேராசிரியைக்குப் போன் போட்டேன். தூக்கத்திலிருந்து எழுந்தவர் என் வாக்கியம் முடிவதற்குள் அழுதுவிட்டார். "உடனே எல்லாருக்கும் சொல்கிறேன்," என்றார். அவ்வளவு அழுத்தக்காரர், என்னை முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

சித்தூர் வந்து நகரி பஸ் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தவர் என் மடியிலிருந்த ஓட்டைப் பெட்டியையே பார்த்தார். தெலுங்கில் கேட்டார்: "பூனைப் பெட்டியா இது?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உங்கள் ஊரில் எல்லாருக்கும் இதே வேலையா? நேற்று சாயங்காலம் ஒரு பெரியவர் பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். ஜன்னல் சீட்டு அவருக்கு இல்லை, பூனைக்கு. வழியெல்லாம் வறுத்த மீன் கொடுத்துக்கொண்டே வந்தார். இதற்கு முன்னால் நான் வெதுருகுப்பம் பஸ்ஸில் இருந்தபோதும் அதே ஆள், அதே பூனை."

"கையில வேற ஏதாவது வெச்சிருந்தாரா?"

அவர் யோசித்தார். "ஆமாம். ஒரு மோட்டார் பெல்ட்டு."

புத்தூர் வரும்வரை ஆறு பெல்ட்டுகளும் ஆணியோடு கண்முன்னால் ஆடின. பிறகு ஜெர்மனியில் அழுத அந்த அம்மாளின் ஞாபகம் வந்தது.

நகரியில் இறங்கித் தறிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். மேஸ்திரி மூன்றாவது தறியின்மேல் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. ஆணியில் எண்ணினேன். ஏழு. நைனா என் முகத்தைப் பார்த்ததும் தறியை நிறுத்தினார்.

"நைனா, இது நியாயமா? விஜயா அங்க அழுவுது."

"விட்டுட்டு வந்துடலாம்னுதான்டா ஒவ்வொரு தபாவும் போறேன். எடம் எப்டி கீதுன்னு பாத்துட்டு வந்துடலாம்னு. அது என்னைப் பாத்துட்டு ஓடியாருது. நான் இன்னா பண்ணட்டும்?" அவர் குரல் இறங்கியது. "உன்னை ஏரோப்ளேன் ஏத்திவிட்டேன். அவளைக் கட்டிக் குடுத்தேன். வூட்ல அஞ்சு தறி, நானு, உங்கம்மா. இது ஒண்ணுதான்டா போய்க் கூப்புட்டா வருது."

கோபப்பட வேண்டியவன் நான்தான். அழுதவனும் நான்தான். பெல்ட்டு விஷயத்தை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை மட்டும் பூனையை ஒளித்துவைப்பது, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று அப்பனும் பிள்ளையும் திட்டம் போட்டோம்.

வெள்ளிக்கிழமை. சம்பந்தியம்மா விஜயாவையும் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், பரண்மேல் பார்த்தார், திருப்தியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா வடை எடுத்துவைத்தாள். கூடவே நெத்திலி வறுவல் வைத்ததுதான் தப்பு. மூலையில் இருந்த நூல் பெட்டி "மியாவ்" என்றது.

"அது இன்னா சத்தம்?"

"கம்ப்யூட்டருங்க," என்றாள் அம்மா, கண் இமைக்காமல். "பையன் ஜெர்மனிலருந்து எடுத்தாந்தான்."

பெட்டி மறுபடி கத்தியது. சம்பந்தியம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "தம்பி, மாடி வூட்டு கம்ப்யூட்டர ஒரு நிமிசத்துல சரி பண்ணீங்களே. இதுக்கு இன்னா வியாதி, பாருங்க."

நான் எழுந்தேன். விஜயா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீரோடு. பெட்டியைத் திறந்தேன். மேஸ்திரி நேராக நெத்திலித் தட்டுக்குப் போனது. அதற்குமேல் எதை மறைக்க? எலி, டப்பா, ராட்டினம், கண்டக்டர், பெல்ட்டு என்று எல்லாவற்றையும் நின்றபடியே ஒப்பித்துவிட்டேன். அம்மா "அடப்பாவி மனுசா," என்று நைனாவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நைனா குற்றவாளி மாதிரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சம்பந்தியம்மா எழுந்து கொட்டகைக்குப் போனார். ஆணியில் தொங்கிய பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார்.

"ஏழு தபாவா?"

"ஏழு தபாங்க," என்றார் நைனா.

"ஒவ்வொரு தபாவும் பஸ் ஏறிப் போயா?"

"ரெண்டு தபா லாரிங்க."

சம்பந்தியம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். மேஸ்திரி மீதம் வைத்திருந்த நெத்திலித் தட்டைக் காலால் அதன் பக்கம் தள்ளிவிட்டார்.

"பூனையவே ஊரூரா போய்த் தேடிக் கூட்டிக்கினு வர்ற மனுசன், பெத்த பொண்ண நான் அனுப்பலன்னா சும்மா இருப்பாரா? எட்டாவது பெல்ட்டு வாங்கிக்கினு என் வாசல்ல வந்து நிப்பாரு. அவமானம் எனக்குத்தான்." பிறகு விஜயாவிடம், "நீ இங்கியே இரு. துணிமணிய நாளைக்கு அனுப்பறேன். ஆனா இது கொட்டாயோட நிக்கணும். வூட்டுக்குள்ள வந்துச்சுன்னா நானே சுத்திவிடுவேன்," என்றார்.

விஜயா எழ முடியாமல் எழுந்து போய் நைனாவைக் கட்டிக்கொண்டாள். நான் அன்றைக்கே வலைக்கம்பி வாங்கிவந்து கொட்டகைக் கதவில் அடித்தேன். எந்தக் கதவு என்று கேட்டபோது, "தெக்கால," என்றார் நைனா. சரியான கதவில் அடித்தேன்.

பேராசிரியைக்கு எழுத வேண்டியது பாக்கி இருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில், எழுத்து அழிந்துபோன கீபோர்டில் உட்கார்ந்து அடித்தேன். பூனை வழி கண்டுபிடிக்கவில்லை என்பதைச் சொன்னேன். பூனை எங்கே இருக்கிறது என்று சதா படபடக்கிற செல் ஒன்று உண்டு, அது பூனையின் தலைக்குள் இல்லை, என் அப்பாவின் தலைக்குள் இருக்கிறது என்று எழுதினேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. துறை முழுவதும் சேர்ந்து கேக் வெட்டிவிட்டார்களாம், திருப்பிக் கொடுக்க முடியாதாம். கடைசியில் ஒரு வரி: "ஏழு முறையும் ஒரே முடிவு என்றால் அது நல்ல தரவு."

நான் கிளம்பிய நாள் நைனா பஸ் ஸ்டாண்ட் வரை வந்தார். போன முறை ஏற்றிவிட்டபோது ஒரு வார்த்தை பேசாமல் நின்றவர். இந்த முறை என் பையைக் கீழே வைக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"உன் எலிங்க துன்னுச்சா?"

"துன்னிருக்கும் நைனா."

சென்னை பஸ் வந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், உங்க ஊருக்கு எங்க மாறணும்?"

சென்னையிலும் துபாயிலும் என்று சொன்னேன். அங்கேயிருந்து ரயில் என்றும் சொன்னேன். அவர் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டார்.

"எதுக்கு நைனா?"

"ஒண்ணுமில்ல." பஸ் நகர்ந்தது. அவரும் கூடவே நாலு எட்டு நடந்தார். "அங்க தறி பெல்ட்டு கெடைக்குமா?"

கிடைக்கும் நைனா, நல்ல பெல்ட்டாகவே கிடைக்கும் என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினேன்.